விவாகரத்துத் தீர்ப்பை யார் எழுதுவது? மத நடுவர் முறையை எதிர்த்த ஒன்டாரியோ பெண்கள்

இருவருக்குள் ஒரு பணத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் போனால் வருடக்கணக்கில் இழுக்கும், வக்கீல் செலவு வேறு. "நம் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துப் பேசுவோம், அவர் சொல்வதே முடிவு" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர் இரு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு முடிவை எழுதித் தருகிறார். பிறகு ஒருவர் பின்வாங்கினால், மற்றவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது, தாளில் உள்ளதை நிறைவேற்றித் தரும். இதற்குத்தான் நடுவர் தீர்ப்பு முறை என்று பெயர்.

ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானே என்று தோன்றும். பாதி சரி. பஞ்சாயத்து முடிவுக்குப் பின்னால் நிற்பது ஊரின் மதிப்பும் ஊர்மீதான பயமும். நடுவர் தீர்ப்புக்குப் பின்னால் நிற்பது அரசு. இந்த வித்தியாசத்தை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதைத்தான் சுற்றி வரப்போகிறது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பிரித்துவிடலாம். சமரசம் என்பது வேறு. சமரசம் செய்துவைப்பவர் பேசிப் பார்ப்பார், வழி சொல்வார், ஆனால் முடிவு அந்த இருவருடையது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். நடுவர் முன்னால் உட்கார ஒப்புக்கொண்ட பிறகு அப்படி எழுந்து போக முடியாது.

வியாபாரிகளுக்கு இது நல்ல ஏற்பாடு. இரண்டு கம்பெனிகள், இரண்டு பக்கமும் வக்கீல்கள், இரண்டு பக்கமும் பணம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே ஏற்பாட்டைப் பிரியப்போகும் கணவன் மனைவிக்கும் பயன்படுத்தும்போது. ஜீவனாம்சம் எவ்வளவு, வீடு யாருக்கு, பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்று தீர்மானிக்க ஒரு தனி ஆளை நடுவராக வைத்து, "இந்த நாட்டுக் குடும்பச் சட்டப்படி வேண்டாம், எங்கள் மதச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அது மத நடுவர் முறை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2003க்கும் 2006க்கும் இடையில் இதை எதிர்த்துப் பெண்கள் அமைப்புகள் நடத்திய போராட்டத்தைப் பார்த்தால், இந்த விஷயத்தின் எல்லா முடிச்சுகளும் ஒரே இடத்தில் தெரியும்.

சட்டத்தில் இருந்த கதவு

ஒன்டாரியோவின் நடுவர் சட்டம் 1991இல் வந்தது. வணிகத் தகராறுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் என்பது படித்தாலே தெரியும். எந்தச் சட்ட விதிகளின்படி தீர்ப்பு வேண்டும் என்பதைத் தரப்பினரே தேர்ந்தெடுக்கலாம் என்றது அது. கப்பல் சரக்குத் தகராறில் இங்கிலாந்துச் சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது போன்ற விஷயங்களுக்கு அந்த வரி உதவும். ஆனால் குடும்பத் தகராறுகளை அந்தச் சட்டம் விலக்கவில்லை. மத நூல்களின் விதிகளையும் அது வெளிப்படையாக விலக்கவில்லை. நடுவராக வருபவருக்குப் படிப்போ பயிற்சியோ உரிமமோ தேவை என்று சொல்லவில்லை. நடந்ததைப் பதிவு செய்து எங்கும் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. மேல்முறையீடு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடவும் முடிந்தது.

இந்தக் கதவு வழியாக யூத சமூகத்தின் மத நீதிமன்றமான பெத் தின் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் நடுவர் தீர்ப்புகள் வழங்கி வந்தது. ஷியா பிரிவுகளில் ஒன்றான இஸ்மாயிலி முஸ்லிம்களுக்கும் தங்களுக்கென ஒரு சமரச, நடுவர் வாரியம் இருந்தது. யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2003 இலையுதிர் காலத்தில் சையத் மும்தாஜ் அலி என்ற ஓய்வுபெற்ற வழக்கறிஞர், இஸ்லாமிய சிவில் நீதி நிறுவனம் என்ற அமைப்பைத் தொடங்குவதாக அறிவித்தார். முஸ்லிம்களின் குடும்பத் தகராறுகளுக்கு ஷரீஅத்படி தீர்ப்புச் சொல்லும், அந்தத் தீர்ப்பை ஒன்டாரியோ நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரும் என்றார். சட்டத்தை மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. இருக்கிற சட்டமே இதற்கு இடம் தருகிறது என்றுதான் சொன்னார், அதில் அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். அதனால்தான் பெண்கள் திடுக்கிட்டார்கள்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம்

கற்பனையான ஒரு பெண். கணவர் ஸ்பான்சர் செய்து கனடாவுக்கு வந்தவர். ஆங்கிலம் அரைகுறை, பிரெஞ்சு தெரியாது. உறவுகள் எல்லாம் கடல் தாண்டி. இந்த ஊரில் தெரிந்தவர்கள் என்றால் கணவர் வீட்டாரும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பார்க்கும் நான்கைந்து பெண்களும்தான். கல்யாணத்தின்போது நிறைய தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்றில், எங்களுக்குள் தகராறு வந்தால் இன்னாரிடம் போவோம், அவர் மதச் சட்டப்படி சொல்வதை ஏற்போம், மேல்முறையீடு செய்ய மாட்டோம் என்று இருந்தது.

பத்து வருடம் கழித்துத் திருமணம் முறிகிறது. ஒன்டாரியோவின் குடும்பச் சட்டப்படி, திருமண காலத்தில் இருவருக்கும் சேர்ந்த சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டுச் சமமாக்க வேண்டும். வீடு கணவர் பெயரில் இருந்தாலும், சம்பாதித்தது அவர் மட்டுமே என்றாலும், வீட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளை வளர்த்தவருக்குப் பங்கு உண்டு. தேவையைப் பொறுத்து வருடக்கணக்கில் ஜீவனாம்சம் உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் பிள்ளைகளின் நலன் ஒன்றுதான் அளவுகோல்.

இந்தப் பெண் போய் உட்காரும் இடத்தில் அளவுகோல் வேறு. ஃபிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்ட விளக்கத்தின் மரபான வாசிப்புகள் பலவற்றில் அவரவர் சொத்து அவரவருடையது. மனைவிக்குச் சேர வேண்டியது மஹரும் (கணவர் தரும் மணக்கொடை), இத்தா காலத்துச் செலவும் (மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்யாமல் மனைவி காத்திருக்கும் காலம்). சில மத்ஹபுகளில், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளில், பிள்ளை குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் தந்தையிடம் போக வேண்டும். இதற்கு மாறான வாசிப்புகளும் இஸ்லாத்துக்குள்ளேயே நிறைய உண்டு. ஆனால் எந்த வாசிப்பு என்பதைத் தேர்ந்தெடுப்பது நடுவராக உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் இந்தப் பெண்ணின் மாமனாருக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம்.

தீர்ப்பு எழுதியாகிவிட்டது. விவாகரத்தை மட்டும் நடுவரால் தர முடியாது, அது கனடாவில் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் பணமும் வீடும் அந்தத் தாளில் முடிந்துவிட்டன. பிள்ளைகள் விஷயத்தில் நீதிமன்றம் தலையிட முடியும்தான். அப்பட்டமான அநியாயம் நடந்திருந்தால் தீர்ப்பை ரத்து செய்யவும் வழி உண்டு. ஆனால் அதற்கு யாராவது நீதிமன்றத்தின் படியேற வேண்டும். சட்டமும் தெரியாமல், கையில் காசும் இல்லாமல், "மதத் தீர்ப்பை மீறி வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போனவள்" என்ற பேச்சையும் சுமந்துகொண்டு இந்தப் பெண்தான் ஏற வேண்டும்.

இந்தக் கற்பனைக் கதையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எல்லாம் சம்மதத்தோடுதான் நடந்திருக்கிறது. சண்டையின் மையமே இந்தச் "சம்மதம்" என்ற சொல்தான். நடுவர் முறையை ஆதரித்தவர்கள் எல்லாரும், இது கட்டாயமில்லை, விரும்பியவர்கள் வரலாம் என்றார்கள். பெண்கள் அமைப்புகள் திருப்பிக் கேட்டார்கள்: வேறு போக்கிடம் இல்லாதவர் தலையாட்டுவதற்கு விருப்பம் என்று பெயர் வைக்கலாமா? நல்ல முஸ்லிம் என்றால் இங்கேதான் வருவாய் என்று சொல்லிவிட்ட பிறகு, வரமாட்டேன் என்று சொல்லும் பெண் எதை இழக்கிறாள்? பிரிவுக்குப் பிறகு ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய அதே சமூகத்தைத்தான் அவள் இழக்க நேரிடும்.

எதிர்த்தவர்கள் யார்

வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலர் இதை முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்குமான சண்டை என்று நினைத்தார்கள். முன்வரிசையில் நின்றவர்களைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஹோமா அர்ஜுமந்த். ஈரானிலிருந்து தப்பி வந்து, டொரண்டோவில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசகராக வேலை செய்துகொண்டிருந்தவர். மதத்தின் பெயரால் நடக்கும் சட்டம் பெண்களை என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஷரீஅத் நீதிமன்றத்துக்கு எதிரான சர்வதேச இயக்கத்தை 2003இலேயே தொடங்கினார். அவருடைய நிலைப்பாடு கறாரானது: குடும்பச் சட்டத்தில் எந்த மதத்துக்கும் இடம் இருக்கக் கூடாது.

இன்னொரு பக்கம் கனடா முஸ்லிம் பெண்கள் கவுன்சில். 1982இல் தொடங்கப்பட்டது. இதில் இருந்தவர்கள் நம்பிக்கையுள்ள முஸ்லிம் பெண்கள். அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்த அலியா ஹாக்பென் பேசிய விதம் வேறு மாதிரி இருந்தது. ஷரீஅத் என்றால் அவர்களுக்கு இறைவன் காட்டிய வழி, அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் நடுவர் மேசையில் வைக்கப்படுவது ஃபிக்ஹு, அதாவது அந்த வழியைப் பற்றி வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு ஊர்களில் ஆண் அறிஞர்கள் எழுதிவைத்த விளக்கம். ஒரு மத்ஹபுக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. இதில் எதைக் கனடா நீதிமன்றம் நிறைவேற்றும்? கவுன்சிலின் கோரிக்கை எளிமையானது. மற்ற கனடியப் பெண்களுக்கு என்ன சட்டமோ அதே சட்டம் எங்களுக்கும் வேண்டும்.

இந்த ஷரீஅத், ஃபிக்ஹு வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. மதத்தை விட்டு வெளியே வந்தால்தான் உரிமை கிடைக்கும் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது ஒன்று. உன் நம்பிக்கை உன்னிடமே இருக்கட்டும், ஒரு மனிதரின் விளக்கத்துக்கு மட்டும் நீ கட்டுப்பட வேண்டியதில்லை என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவது பேச்சைக் கேட்கத்தான் பள்ளிவாசல் பெண்கள் தயாராக இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இவர்களோடு, பெண்களுக்கும் சட்டத்துக்குமான தேசிய சங்கமும், குடியேறிய பெண்கள், சிறுபான்மை இனப் பெண்களின் தேசிய அமைப்பும் சேர்ந்தன. சட்டம் படித்தவர்கள் நடுவர் சட்டத்தை வரிவரியாகப் பிரித்து எழுதினார்கள். சமூகத்துக்குள் இருந்தவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று சொன்னார்கள். போகப்போக "மத நடுவர் முறை வேண்டாம்" என்ற பொதுப் பெயரில் ஒரு கூட்டணியாக நின்றார்கள். பெயரைக் கவனியுங்கள். ஷரீஅத் வேண்டாம் என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் என்று எந்த மதமானாலும் குடும்பத் தகராறில் வேண்டாம் என்பதே அதன் பொருள்.

அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகான வருடங்கள் அவை. "கனடாவில் ஷரீஅத் நீதிமன்றம்" என்று ஒரு தலைப்புப் போட்டால் போதும், முஸ்லிம்கள்மீது வெறுப்பைக் கக்கக் காத்திருந்தவர்கள் பெண்ணுரிமைக் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கவுன்சில் பெண்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். சமூகத்துக்குள் சிலர், வீட்டு விஷயத்தை வெளியே போட்டு எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறீர்கள் என்றார்கள். வெளியே சிலர், பார்த்தீர்களா, அவர்கள் வீட்டுப் பெண்களே சொல்கிறார்கள் என்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் திட்டைவிட வலித்திருக்கும். அதற்காக வாயை மூடிக்கொள்ள அவர்கள் முடிவு செய்யவில்லை.

எதிர் வாதங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யூதர்களுக்கு இத்தனை வருடம் இருந்த வசதி எங்களுக்கு என்று வரும்போது மட்டும் ஏன் ஆபத்தாகிறது என்று முஸ்லிம்கள் கேட்டது நியாயமான கேள்வி. நம் மொழியில், நம் குடும்ப முறை தெரிந்த ஒருவரிடம் பேசுவது நிம்மதி என்று நினைத்த பெண்களும் இருந்தார்கள். தடை செய்தால் எல்லாம் திரைமறைவுக்குப் போய்விடும் என்ற எச்சரிக்கையும் வந்தது. கடைசி வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. திரைமறைவில் சொல்லப்படும் தீர்ப்பை ஒரு பெண் நிராகரித்தால் சமூகம் முறைக்கலாம், ஆனால் நீதிமன்றம் அவளைத் தேடி வராது. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஓர் அறிக்கையும் ஒரு கேள்வியும்

2004 ஜூனில் மாகாண அரசு, மரியன் பாய்டிடம் இதை ஆராய்ந்து சொல்லும்படி கேட்டது. ஒன்டாரியோவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் அவர். அரசியலுக்கு வருமுன் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சட்ட உதவி மையம் ஒன்றை நடத்தியவர். அதனால் பெண்கள் அமைப்புகளுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது.

டிசம்பரில் அறிக்கை வந்தது. 46 பரிந்துரைகள். சாரம்: மத நடுவர் முறை தொடரலாம், ஆனால் பாதுகாப்புகள் வேண்டும். நடுவர் முறையால் பெண்கள் திட்டமிட்ட விதத்தில் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றும் அதில் இருந்தது.

பெண்கள் அமைப்புகள் கேட்ட கேள்வி இதுதான்: சான்று எங்கிருந்து கிடைக்கும்? நடுவர்கள் பதிவேடு வைக்க வேண்டியதில்லை, தீர்ப்புகளை எங்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை, மேல்முறையீட்டு உரிமையை எழுதிக் கொடுத்தவர்கள் நீதிமன்றம் வருவதில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் சத்தமே வெளியே வராதபடி ஒரு முறையை அமைத்துவிட்டு, சத்தம் கேட்கவில்லை என்பதையே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் போராட்டத்திலேயே எனக்கு மிகக் கூர்மையாகப் பட்ட வாதம் இது. நடுவர் முறைக்கு மட்டும் என்றில்லை, அடைத்த கதவுக்குப் பின்னால் நடக்கும் எதற்கும் இது பொருந்தும்.

பரிந்துரைகளில் ஒரு ஓட்டையையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இரு தரப்பும் தனித்தனியாக வக்கீலிடம் ஆலோசனை பெற்றதற்குச் சான்றிதழ் இருக்க வேண்டும், அல்லது அந்த ஆலோசனை வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதித் தர வேண்டும் என்றது அறிக்கை. அந்த "அல்லது" போதும். தாளில் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கையெழுத்து வாங்குவது பெரிய வேலை இல்லை.

2005

கியூபெக் மாகாணத்தில் ஏற்கெனவே குடும்ப விவகாரங்களை நடுவரிடம் கொண்டுபோக சிவில் சட்டத் தொகுப்பு அனுமதிப்பதில்லை. ஆனாலும் 2005 மே 26 அன்று அதன் சட்டமன்றம், கியூபெக்கிலும் கனடாவிலும் ஷரீஅத் நடுவர் மன்றங்கள் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் மொராக்கோவில் பிறந்த முஸ்லிம் பெண் உறுப்பினர் ஃபாத்திமா ஹூதா பெபின்.

ஒன்டாரியோ அரசு மட்டும் முடிவு சொல்லாமல் இருந்தது. அந்த வருடம் செப்டம்பர் 8 அன்று டொரண்டோவில் சட்டமன்ற வளாகத்தின் முன்பும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வேறு பல நகரங்களிலும் ஒரே நாளில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, மாகாண முதல்வர் டால்டன் மெக்கின்டி அறிவித்தார்: ஒன்டாரியோவில் மத நடுவர் முறை இருக்காது, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். யூத அமைப்புகளுக்கு இது ஏமாற்றம். எந்தப் புகாரும் வராமல் நடந்துவந்த தங்கள் ஏற்பாடும் சேர்ந்து போகிறதே என்றார்கள். பாதியை மட்டும் தடுத்திருந்தால் அது ஒரு மதத்துக்கு எதிரான சட்டமாக ஆகியிருக்கும். முழுதாகத் தடுத்ததே சரி என்பது என் கருத்து.

2006 பிப்ரவரியில் சட்டமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது, 2007 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது மறுபடி அந்தக் கற்பனைப் பெண்ணிடம் போவோம்.

கல்யாணத்தன்று அவர் போட்ட கையெழுத்து செல்லாது. ஏனென்றால் குடும்ப நடுவர் ஒப்பந்தம் தகராறு வந்த பிறகு எழுதப்பட்டிருக்க வேண்டும், முன்கூட்டியே எழுதிவைத்ததை வைத்து எதையும் நிறைவேற்ற முடியாது. தகராறுக்குப் பின் எழுதுவதானாலும், அவர் தனக்கென்று ஒரு வக்கீலிடம் தனியாகப் பேசி, அதற்கான சான்றிதழ் ஒப்பந்தத்தோடு இருக்க வேண்டும். அதை வேண்டாம் என்று எழுதித் தர வழி இல்லை. நடுவர் அரசு வகுத்த பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இருவரும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டு, வீட்டில் வன்முறை உண்டா, ஒருவர் மற்றவரை அடக்கி வைத்திருக்கிறாரா என்று பார்க்கப்பட வேண்டும். மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. பதிவேடு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்டாரியோ சட்டப்படியோ வேறொரு கனடிய மாகாணச் சட்டப்படியோ சொன்னால்தான் அது குடும்ப நடுவர் தீர்ப்பு. வேறு எந்த விதிப்படி சொன்னாலும் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. இமாமிடமோ, யூத மத குருவான ரப்பியிடமோ போய் ஆலோசனை கேட்பது அவரவர் விருப்பம். அந்த ஆலோசனையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் வர முடியாது, அவ்வளவுதான்.

நம் பக்கத்து வாசகர்கள் இதை வேறு இரண்டு விஷயங்களோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இந்தியாவில் ஃபத்வா என்ற மார்க்கக் கருத்துரைக்கும், தாருல் கஸா என்ற சமூக மத மன்றங்களின் தீர்ப்புகளுக்கும் சட்ட பலம் இல்லை, யாரும் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. அங்கே பின்னால் அரசு இல்லை. இலங்கையில் முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றம் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் அரசே நடத்துவது. அந்தச் சட்டம் காதி பதவியை முஸ்லிம் ஆண்களுக்கு மட்டுமே தந்தது, அதை எதிர்த்தும் முஸ்லிம் பெண்கள் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள். ஒன்டாரியோவில் இருந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்: தீர்ப்புச் சொல்வது தனி ஆள், நிறைவேற்றுவது அரசு.

இன்னும் தீராதது

சட்டம் வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சமரசம் இந்தத் திருத்தத்துக்குள் வரவில்லை. மத குருவின் அறையில் பேசி, கணவனும் மனைவியும் சேர்ந்து பிரிவு ஒப்பந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதை நீதிமன்றம் சாதாரணக் குடும்ப ஒப்பந்தமாகத்தான் பார்க்கும். ரத்து செய்ய வேண்டுமானால் மறுபடியும் அந்தப் பெண்தான் படியேற வேண்டும்.

அப்புறம் மத விவாகரத்து. நீதிமன்றம் விவாகரத்துக் கொடுத்துவிட்டாலும், கணவர் தலாக் சொல்லாவிட்டால் அல்லது குலாவுக்கு (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சம்மதிக்காவிட்டால் தன் சமூகத்தின் கண்ணில் தான் இன்னும் மனைவிதான் என்று தவிக்கும் பெண்கள் உண்டு. யூதப் பெண்களுக்கு இது இன்னும் இறுக்கமானது. கணவர் கையால் கெத் என்ற மத விவாகரத்துப் பத்திரம் கிடைக்காமல் அவர்கள் மதப்படி மறுமணம் செய்ய முடியாது. இதற்காக யூதப் பெண்கள் நடத்திய இயக்கத்தின் விளைவாக 1990இல் கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. மதப்படி மறுமணம் செய்யத் தடையாக நிற்கும் துணைவரின் மனுக்களையும் வாதங்களையும் கேட்க நீதிமன்றம் மறுக்கலாம் என்கிறது அது.

மாண்ட்ரியலில் ஒரு தம்பதி 1980இல் பிரிந்தபோது, கெத் தருவதாகக் கணவர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார். 15 வருடம் தரவில்லை. பிரியும்போது மனைவிக்கு 31 வயது, பத்திரம் கையில் வந்தபோது 46. பிள்ளை பெறும் வயது போய்விட்டது. 2007 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், அந்த வாக்குறுதி சட்டப்படி செல்லும் என்று சொல்லி, முதல் நீதிமன்றம் விதித்த 47,500 டாலர் இழப்பீட்டை மறுபடி நிலைநிறுத்தியது. மதத் தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கும் அதே நாட்டு நீதிமன்றம், மதத்தைப் பிணையாக வைத்து ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டவரிடம் பணம் வாங்கிக் கொடுத்தது. முதல் பார்வைக்கு முரண் போலத் தெரியும். இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இதில் அந்தப் பெண்ணின் உரிமை என்ன ஆகிறது?

கனடா முஸ்லிம் பெண்கள் கவுன்சில் 2006க்குப் பிறகு செய்த வேலைகளில் ஒன்று, முஸ்லிம் திருமண ஒப்பந்தத்துக்கான ஒரு கையேட்டுத் தொகுப்பு. நிக்காஹ் ஒரு ஒப்பந்தம், அதில் மணமகள் தன் நிபந்தனைகளை எழுதலாம் என்பது இஸ்லாத்திலேயே உள்ளது. மஹர் எவ்வளவு, விவாகரத்துக் கேட்கும் உரிமை தனக்கும் உண்டா என்று என்னென்ன எழுதலாம், எப்படி எழுதினால் கனடியச் சட்டத்தோடு மோதாமல் நிற்கும் என்று அதில் விளக்கினார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், மணமகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து படிக்க வேண்டிய தொகுப்பு அது.